பேச இயலாதார் வழக்கும் சொற்பொருளும்

மருத்துவக் கவனக்குறைவால் குழந்தை ஊறுபட்டது எனத் தொடுக்கப்படும் வழக்குகளைச் சட்ட அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். மொழியியல் பயின்ற யாம், அவ்வழக்குகளில் சொல் பெறும் இடத்தை மட்டும் இன்று நோக்குகின்றோம்.

ஆங்கிலச் சட்டம் உரிய வயது எய்தாதவரை நெடுங்காலம் 'இன்ஃபன்ட்' என்றே குறித்தது. 'பேசாதது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்தது அது. தமிழோ குழந்தையின் திருந்தாப் பேச்சையே அதற்குப் பெயராக்கி 'மழலை' என்றது. எனினும் நீதிமன்றத்தில் மழலை தானே வழக்காட இயலாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதன் சார்பில் பெரியவர் ஒருவரே வழக்காடுவார்; அவர் பெரும்பாலும் பெற்றோராகவே இருப்பார். ஆதலின் பெற்றோர் கூறும் சொல் பெருஞ்சான்றாகின்றது.

இங்கிலாந்து வழக்கொன்று இதனைத் தெளிவுறுத்தும். 1970இல் பர்மிங்காமில், இடுக்கிக் கருவியால் ஒரு குழந்தையை வெளிக்கொணர மருத்துவர் ஐந்தாறு முறை இழுத்துப் பார்த்தார். இயலாமற்போகவே அறுவை செய்து எடுத்தார். குழந்தையின் மூளை பாதிப்புற்றது. அவர் அளவுமீறி இழுத்தார் என்பதே குற்றச்சாட்டு. இழுத்தபோது தம் இடுப்பு கட்டிலினின்று மேலெழுந்தது என்றார் தாய். முதல் நீதிபதி அதனைச் சொற்படியே கொள்ளாது, தாய் கட்டிலின் கீழ்ப்புறம் நோக்கி இழுக்கப்பட்டார் எனப் பொருள் கொண்டார். பேராசிரியர் ஒருவரின் அறிக்கையில், அறுவைக்குமுன் குழந்தையின் தலை 'விடுவிக்கப்பட்டது' என்னும் கருத்துடைய சொல் இருந்தது. விடுவிக்கப்பட்டதாயின், முன்னர் இறுகச் சிக்கியிருத்தல் வேண்டும் என்றும் அவர் கருதினார். மேல்மன்றங்கள் இப்பொருள்கோளை ஏற்கவில்லை. 1980இல் பிரபுக்கள் அவை, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. பத்து வயதுச் சிறுவனுக்கு இழப்பீடு கிட்டவில்லை.

அவ்வழக்கிலேயே மற்றொரு சொல்லாய்வும் நிகழ்ந்தது. கணிப்பில் நேரும் பிழை கவனக்குறைவு ஆகாது என்றார் முறையீட்டு நீதிபதி டென்னிங் பிரபு. பிரபுக்கள் அவை அதனைத் திருத்தியது. கணிப்புப் பிழை கவனக்குறைவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திறமுடைய மருத்துவர் உரிய கவனத்தோடு செயற்பட்டிருப்பின் அப்பிழை அவருக்கும் நேர்ந்திருக்குமா என்பதே வினா. நாமோ பிழை, தவறு, கவனக்குறைவு, அலட்சியம் ஆகியவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றோம். 'பிழை நேர்ந்தது' என்பது நிகழ்ந்ததைக் கூறும்; 'கவனக்குறைவு' என்பதோ கடமை வழுவியதாகக் குற்றஞ்சாட்டும். இவ்வேறுபாடு அறியாது எழுதின், குற்றமற்ற மருத்துவர் பழி சுமப்பார். ஊறுபட்ட குழந்தையின் முறையீடும் வலுவிழக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! வழக்கிற்கு நெடுநாள் முன்னரே, மருத்துவரிடம் முதற்சொல் கூறும்போதே இப்பொறுப்புத் தொடங்குகின்றது. வயிறு கடுக்கிறது, காது குடைகிறது, நெஞ்சில் குத்துகிறது எனத் தமிழ் நோவை வகைப்படுத்தும். இவையனைத்தையும் 'வலிக்கிறது' என்பதனுள் அடக்கும் மாணவரிடமிருந்து மருத்துவர் பெறும் செய்தி குறைவுடையதே. நோவுச் சொற்களை வகுப்பறையில் பயிற்றுவியுங்கள். நாளை ஒரு குழந்தைக்காகப் பேச நேரும் மாணவர்க்கு அவை துணைநிற்கும்.