கடவுள் இல்லாத இரங்கற் பாட்டு



"கடவுளை விட்டுவிட்டால் சாவு வீட்டில் எதைப் பாடுவது?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் உண்டு. கேலிக்குக் கேட்கிறவர்கள் போகட்டும். துக்கத்தோடு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஐரோப்பாவில் ஒருவர் இதற்குப் பாட்டாகவே பதில் சொல்லியிருக்கிறார்.

பிரடெரிக் டீலியஸ் என்பவர் 1862-ல் இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி வியாபாரிக்குப் பிறந்தவர். 1884-ல் அமெரிக்காவில் புளோரிடாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம் பார்க்கப் போனார். தோட்டத்தில் லாபம் கிடைத்ததோ இல்லையோ, அங்கே கறுப்பினத் தொழிலாளர்கள் கூடிப் பாடியதைக் கேட்டதே அவருக்குப் பெரிய லாபமாயிற்று. பல குரல்கள் சேர்ந்தெழும் ஓசையின் மேல் உண்டான ஆசை கடைசிவரை அவரை விடவில்லை.

கிறிஸ்தவர்கள் பூசையில் பாடுவதற்கு 'மாஸ்' என்று பெயர். டீலியஸ் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, 'வாழ்க்கையின் மாஸ்' என்று ஒன்றை 1905-ல் முடித்தார். வார்த்தைகளோ வேதத்திலிருந்து அல்ல. நாஸ்திகரான நீட்சேயின் நூலிலிருந்து! 1909-ல் லண்டனில் தாமஸ் பீச்சம் அதை முழுவதும் நடத்தினார்.

பிறகு செய்தது அதைவிடத் துணிச்சலானது. செத்தவர் ஆத்மா இளைப்பாறுவதற்கென்று பாடுவது 'ரெக்வியம்'. 1914-ல் மூண்ட உலக யுத்தத்தின்போது டீலியஸ் ஒரு ரெக்வியம் எழுதி, அந்த யுத்தத்தில் மாண்ட இளங் கலைஞர்களின் நினைவுக்கு அதை வைத்தார். அதில் மோட்சமும் இல்லை, மறுஜென்மமும் இல்லை. ஓரிடத்தில் 'அல்லேலூயா' என்றும் 'அல்லா' என்றும் பாடகர் கூட்டம் ஒரே சமயத்தில் கூவும். தெருவில் நாம் தினமும் கேட்கும் கூச்சல்தானே! முடிவில் வருவது வசந்த காலம், கடவுள் அல்ல.

1922-ல் லண்டனில் பாடியபோது சபையாருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் 'அவன் எங்கும் இல்லை' என்றால் பிடிக்குமா? அவளை நாம் குறை சொல்லோம். ஆனால், 'சொர்க்கத்தில் இருக்கிறான்' என்று அவளைத் தேற்றியவர்கள்தானே, அவன் துப்பாக்கி தூக்கிப் போனபோதும் ஆசீர்வாதம் செய்தவர்கள்?

இங்கிலாந்தில் அது மறுபடி பாடப்பட்டது 1965-ல்தான். டீலியஸ் 1934-லேயே இறந்துபோனார். கண் தெரியாமல், கை கால் விழுந்து கிடந்த கடைசி வருஷங்களிலும், எரிக் பென்பி என்ற வாலிபரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல இசையை எழுதவைத்தாரேயொழிய, கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வாலிபரோ பக்தியுள்ள கத்தோலிக்கர்.