பதவியினும் பெரிது நீதி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்நாட்டின் மாநிலங்களை ஆண்டவர்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. அங்கே மாநிலக் கவர்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் முதலமைச்சரைப் போன்று ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவருடையது. இல்லினாய் மாநிலத்தில் அப்பதவி வகித்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு என்பவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

1847-இல் ஜெர்மனியில் பிறந்த அவர், கைக்குழந்தையாகப் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். ஏழைக் குடும்பம், படிப்போ கொஞ்சம். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் படைவீரர். பின்னர்ப் பள்ளி ஆசிரியர். ரயில் பாதை போடும் கூலியாள். அதன் பின் வழக்கறிஞர். 1875-இல் சிக்காகோ நகரில் குடியேறிப் பொருளீட்டினார், நீதிபதியானார். 1892 தேர்தலில் வென்று, அம்மாநிலத்தில் வெளிநாட்டிற் பிறந்த முதல் கவர்னரானார்.

மே தினத்தின் வரலாறு இங்குள்ள தொழிலாளத் தோழர்கள் அறிந்ததே. எட்டு மணி நேர வேலை கோரிய கிளர்ச்சியின்போது, 1886 மே 4 அன்று சிக்காகோவில் ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. போலீசார் எழுவர் உயிரிழந்தனர். குண்டெறிந்தவன் யாரென்று இன்றளவும் தெரியவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகளாயினர். 1887-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையிலேயே உயிர் துறந்தார். மூவர் சிறையில் வாடினர்.

அம்மூவரையும் விடுவிக்குமாறு நகரப் பெரியோர் பலர் வேண்டினர். கருணையின் பேரில் விடுவித்திருந்தால் பெருங்கண்டனம் எழுந்திராது. ஆல்ட்கெல்டு வழக்கேடுகளைத் தாமே படித்தார். ஜூரர்கள் நடுநிலையாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. சாட்சியம் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை. நீதிபதியும் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று கண்டார். குற்றமற்றவனுக்குக் கருணை எதற்கு? 1893 ஜூன் 26 அன்று, காரணங்களை விரித்தெழுதி மூவரையும் விடுதலை செய்தார். பத்திரிகைகள் அவரைத் தூற்றின.

அவ்வாண்டே பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை வரம்பு விதிக்கும் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அவ்வரம்பை 1895-இல் மாநில உயர்நிலை நீதிமன்றம் செல்லாதென்றது. 1894-இல் புல்மன் ரயில் பெட்டிக் கம்பெனியின் கூலிக் குறைப்பை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தத்தால் ரயில்கள் நின்றன. மாநிலத்தைக் கேளாமலே ஜனாதிபதி கிளீவ்லாண்டு படைகளை அனுப்பினார். அவர் தம் கட்சித் தலைவரேயாயினும் ஆல்ட்கெல்டு தந்தி வாயிலாக மறுப்புத் தெரிவித்தார்.

1896 தேர்தலில் தோற்றார். ஈட்டிய செல்வமும் கரைந்தது. 1902-இல், மேடையிற் பேசிய மறுநாள், 54-ஆம் வயதில் காலமானார். 1915-இல் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது.

அன்பர்களே, பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் வாய் திறவாதிருப்பதே நலமென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். வந்தேறியாய் வளர்ந்த இவரோ, தமக்கு உயர்வளித்த நகரத்தின் முன்னேயே அதன் தவற்றை எடுத்துரைத்தார். இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோமாக.