படம் மாறலாம், பாட்டு மாறலாமா?

(வில்லியனூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கழனி வேலை முடித்துக் கால் கழுவியதும் கழுவாததுமாக வந்து குழுமியிருக்கும் தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரிசி விலை அன்று. ஏரி தூர்வாருவதும் அன்று. பாட்டு! நாட்டை வாழ்த்தும் பாட்டு. மொழியை வாழ்த்தும் பாட்டு. அந்தப் பாட்டுகளுக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்துக் காட்டுகின்றனவே படம், அந்தப் படம்!

"என்னய்யா இது, வயிறு காய்கிற வேளையிலே வாய்ப்பாட்டா?" என்று கேட்கும் நண்பர்கள் இங்கே இருக்கக்கூடும். கேட்கட்டும். ஆனால் வயிற்றுக்கு வேண்டியதைக் கேட்பதற்கும் வாயிலே சொல் வேண்டுமே! அந்தச் சொல்லையே ஒருவன் உருவிக்கொண்டு போனால், பிறகு எதைக் கொண்டு கேட்பது? ஆகவே, சிறிது நேரம் செவி தாருங்கள்.

கீழூர் சொன்ன பாடம்

இந்த மேடைக்கு அதிகத் தொலைவில் இல்லை கீழூர். நம் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். 1954ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் அங்கே 178 பேராளர்கள் கூடினர். பிரெஞ்சு ஆட்சியிலே இருப்பதா, இந்தியாவோடு இணைவதா என்பது கேள்வி. இணைவோம் என்றவர் 170 பேர். வேண்டாம் என்றவர் 8 பேர். அந்த 8 பேரின் வாயை எவரும் பொத்தவில்லை. அவர்கள் சொன்னதும் எண்ணப்பட்டது, ஏட்டில் எழுதப்பட்டது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் நாம் இந்தியர் ஆனோம்.

இந்தக் கதையை நீங்கள் அறிவீர்கள். பின் ஏன் சொல்கிறேன்? ஓங்கி ஒலித்த 170 குரலும் ஒடுங்கி ஒலித்த 8 குரலும் ஒரே கணக்கிலே சேர்ந்த இடம் கீழூர். ஒரு சொல்லும் விழுங்கப்படாத இடம் அது. இந்த நாளை நினைவில் வையுங்கள். அக்டோபர் 18! மீண்டும் வருவேன் இந்த நாளுக்கு.

யார் முகம்? யார் குரல்?

இனிப் படத்துக்கு வருவோம். நாட்டுப்பாட்டுக்குப் படம் எடுப்பவன் மூன்று கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். யார் முகத்தைக் காட்டுகிறாய்? யார் குரலைக் கேட்பிக்கிறாய்? பாட்டிலே சொல் குறையாமல் இருக்கிறதா? இந்த மூன்று உரைகல்லிலும் உரைத்துப் பார்ப்போம்.

1988 ஆகஸ்டு 15. தூர்தர்ஷன் ஒரு பாட்டைக் காட்டியது. 'மிலே சுர் மேரா துமாரா' என்று பெயர். நாட்டுப்பண் அன்று; ஆயினும் அடுத்த நாட்டுப்பண்ணோ என்று எண்ணும்படி வீடுதோறும் ஒலித்தது. ஏறத்தாழ ஆறு நிமிடம். ஒரே கருத்து மொழி மாறி மாறி வந்தது. பீம்சேன் ஜோஷி பாடினார். பாலமுரளிகிருஷ்ணா தமிழிலே பாடினார். அன்று நாட்டில் நிலையம் ஒன்றே. இந்தியை அள்ளி அள்ளி ஊட்டிய நிலையம்தான் அது. அதை நாம் மறக்கவில்லை. எனினும் அந்த ஆறு நிமிடத்திலே தமிழ் தமிழாகவே ஒலித்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நாணம் இல்லை.

2010 ஜனவரி 26. அதே பாட்டைப் புதுக்கி, 'ஜூம்' என்னும் தனியார் தொலைக்காட்சி காட்டியது. முன்பு எடுத்த கைலாஷ் சுரேந்திரநாத்தே இதையும் எடுத்தார். ஆறு நிமிடம் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நேரம் நீண்டது, நெஞ்சு நீண்டதா? வந்து நின்றவர்கள் பெரும்பாலும் திரைப்பட நட்சத்திரங்கள்! வானத்திலே விண்மீன் பெருகினால் நிலத்திலே விளைச்சல் பெருகுமா, தோழர்களே? அரசு நிலையத்துக்கு அதிகாரி எசமானன். தனியார் நிலையத்துக்கு விளம்பரக்காரன் எசமானன். எசமானன் மாறினான், ஏழையின் முகம் எத்தனை நொடி வந்தது என்று கேட்டால் மட்டும் இருவரும் கடிகாரத்தை மறைக்கிறார்கள்!

இடையிலே, 2000ஆம் ஆண்டில் ஏ.ஆர். ரகுமான் இசையமைக்க, பரத்பாலா 'ஜன கண மன' படத்தைத் தந்தார். டி.கே. பட்டம்மாள், பாலமுரளிகிருஷ்ணா, லதா மங்கேஷ்கர், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் எனப் பெருங்குரல்கள் பல. விதிப்படி 52 நொடியில் முடிய வேண்டிய பாட்டை, விரித்து விரித்துப் பாடினார்கள். இனிமைக்குக் குறைவில்லை. ஆயினும் பாகூர் வயலிலே நாற்று நடும் நம் தாயின் குரல் எங்கே என்று நான் தேடினேன்.

2017இல் வேறொரு படம் வந்தது. கோவிந்த் நிஹலானி இயக்கியது. அதிலே செவித்திறன் இல்லாதாரும் நாட்டுப்பண் பாடும் வகையில் சைகை மொழியிலே பாட்டு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கை எழுந்தது. எண்ணிப் பாருங்கள்! குரலுக்கு இடமில்லாத இடத்திலும் சொல்லுக்கு இடம் இருந்தது. இதை மனத்திலே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்தும் பார்ப்போம். நம் ஊரிலே 'சொல்தா' வீடுகள் உண்டு அல்லவா? ஜூலை 14 வந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் பதக்கம் அணிந்து புதுவைக் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். அங்கே பிரெஞ்சுப் பண்ணும் ஒலிக்கும். இந்தியப் பண்ணும் ஒலிக்கும். அந்தப் பிரெஞ்சுப் பண் 1792இல் எழுதப்பட்டது. 2024 ஜூலை 26, பாரிசு ஒலிம்பிக் தொடக்க விழாவிலே கிராண்ட் பலே மாளிகைக் கூரைமீது மூவண்ணக் கொடியோடு நின்று அதைப் பாடியவர் யார்? ஆக்சேல் சேன்சிரெல் என்னும் கறுப்பினப் பாடகி! ஒரு காலத்திலே கறுத்த மக்களைக் கப்பலேற்றி அடிமை கொண்ட நாடு, உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் பார்த்திருக்க, அந்த இனத்துப் பெண்ணைக் கூரைமேல் ஏற்றி, நாட்டின் முகம் இது என்றது. பாட்டு பழையது, முகம் புதியது. படம் மாறலாம் என்பதன் பொருள் இதுதான்.

இலங்கையையும் பார்ப்போம். அங்கே நாட்டுப்பண் ஒரே மெட்டிலே சிங்களத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. தமிழாக்கியவர் பண்டிதர் நல்லதம்பி. 2016 பிப்ரவரி 4, விடுதலை நாள் விழாவிலே தமிழிலும் பாடப்பட்டது. ஈழத்துத் தாய்மார் கண் கலங்கினர். 2020 விழாவிலோ தமிழ்ப் பாட்டு இல்லை. மெட்டு இருந்தது, கொடி இருந்தது, அணிவகுப்பு இருந்தது. தமிழனுக்கு மட்டும் தன் வாய் இல்லை!

விழுங்கப்பட்ட அடி

இப்போது வருகிறேன், அக்டோபர் 18க்கு. 2024ஆம் ஆண்டு. கீழூரிலே 170 குரல் ஒலித்து 70 ஆண்டு நிறைந்த அதே நாள். சென்னைத் தொலைக்காட்சி நிலையத்திலே விழா. 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிய அந்த நிலையத்தின் பொன்விழாவும் இந்தி மாத நிறைவும் சேர்ந்த விழா! தமிழக ஆளுநர் மேடையிலே இருக்கிறார். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்படுகிறது. 'திராவிட' என்னும் சொல் வரும் அடி வரவேண்டும். வரவில்லை. அந்த அடியைத் தாண்டி அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள்.

தமிழக முதலமைச்சர் கண்டித்தார். ஆளுநருக்கு இதிலே தொடர்பில்லை என்று அவர் தரப்பிலே சொன்னார்கள். கவனம் சிதறியதால் நேர்ந்தது என்று நிலையம் வருத்தம் தெரிவித்தது. சிதறட்டும் கவனம்; மனிதர்க்கு அது இயல்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: சிதறிய கவனம் அந்த அடியின்மீது மட்டும் போய் விழுவானேன்?

நான் நாடகக்காரன். கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டு அரிதாரம் பூசப் போனவன். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே என் நாடகம் நடந்தது. பண்ணையாரை நோக்கி உழவன் பேசவேண்டிய ஒரு வரியை நடிகர் மறந்துவிட்டார். திரைக்குப் பின்னால் நின்று நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் செவியிலே விழவில்லை. காட்சி முடிந்து திரை விழுந்தது. முன்வரிசையிலே ஒரு மூதாட்டி. முதல்நாள் பக்கத்து ஊரிலும் அதே நாடகம் பார்த்தவர். எழுந்து நின்று, "தம்பி, நேத்து அவன் கேட்டானே ஒரு கேள்வி, இன்னிக்கு ஏன் கேக்கல? பண்ணைக்குப் பயந்துட்டீங்களா?" என்றார். எனக்கு உடல் குலுங்கியது. மீண்டும் திரையைத் தூக்கச் சொன்னேன். அந்த வரியைப் பேசவைத்த பிறகே அடுத்த காட்சி. மறந்த சொல்லுக்கு மன்னிப்பு, அந்தச் சொல்லை அதே மேடையிலே சொல்வதுதான்! அந்த ஊர் மூதாட்டி எனக்குக் கற்பித்த நாடக இலக்கணம் அது.

அதே திங்கள் 25ஆம் நாள், தமிழகத் துணை முதலமைச்சர் இருந்த விழா ஒன்றிலும் வாழ்த்துப் பாடியதிலே குறை நேர்ந்தது. ஒலிவாங்கிக் கோளாறு என்றார்கள். மாற்றார் நகைத்தார்கள், நகைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அங்கே பாட்டு மீண்டும் பாடப்பட்டது. பிழை நம்மவர்க்கும் நேரும், தோழர்களே. பிழைக்குப் பிறகு என்ன செய்தோம் என்பதே வேறுபாடு.

"ஒரு சொல்தானே?" என்பார்க்கு

"ஒரு சொல்தானே ஐயா, அதற்கா இவ்வளவு ஆரவாரம்?" என்கிறார்கள். சொல்கிறேன் விடை. நாட்டுப்பண்ணிலே 'சிந்து' என்னும் சொல் இருக்கிறது. 1947க்குப் பிறகு சிந்து மாநிலம் இந்தியாவில் இல்லை. அந்தச் சொல்லை நீக்குங்கள் என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2005இல் உச்சநீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. எல்லைக்கு அப்பால் போன நிலத்தின் பெயரையே எடுக்கக்கூடாது என்றால், எல்லைக்குள்ளே உயிரோடு வாழும் மக்களின் பெயரை எடுக்கலாமா?

அதே நாட்டுப்பண்ணிலே 'திராவிட' என்னும் சொல்லும் இருக்கிறது! எழுதியவர் இரவீந்திரநாத தாகூர். 1911இல் கல்கத்தாவில் முதன்முதல் பாடப்பட்டது. 1950 ஜனவரி 24இல் நாட்டுப்பண் ஆனது. வங்கக் கவிஞர் எழுதினால் அந்தச் சொல் வணக்கத்துக்கு உரியது. தமிழ்ப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் தம் மனோன்மணீயத்திலே எழுதினால் மட்டும் அது தொண்டையிலே சிக்குகிறதா?

"நீங்களும்தானே வெட்டினீர்கள்?" என்று மற்றொரு கேள்வி. ஆம், உண்மை, மறைக்கமாட்டேன். 1970இல் கலைஞர் ஆட்சியிலே தமிழ்த்தாய் வாழ்த்து அரசுப் பாடலானபோது, தமிழிலிருந்து கிளைத்த மொழிகளைப் பற்றியும் வடமொழி வழக்கிழந்ததைப் பற்றியும் வந்த அடிகள் சேர்க்கப்படவில்லை. அண்டை மொழியாரும் பிறரும் மனம் நோகலாகாது என்ற எண்ணம். அது சரியா தவறா என்று இன்றுவரை புலவர்கள் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். அரசு ஆணையிட்டு, ஊரறியச் செய்த செயல் அது. ஊர் அறிந்ததால்தான் வாதிட முடிகிறது. பிறர் மனம் நோகாதிருக்க அடியை விட்டுவைப்பது ஒன்று. பாடும் மக்களின் பெயரையே பாட்டிலிருந்து விடுவது வேறொன்று. முன்னது வீட்டுக்காரர் கூடிப் பேசிச் சுவரை மாற்றிக் கட்டுவது. பின்னது இரவிலே கன்னமிடுவது!

நம் பாட்டு எங்கே?

இதுவரை பிறரைக் கேட்டேன். இனி நம்மைக் கேட்கிறேன். புதுவை அரசு விழாக்களிலே பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து எது? பாவேந்தர் பாரதிதாசன் எழுதியது. மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891இல் புதுவையிலே பிறந்தவர் அவர். ஒரே ஆண்டு தமிழுக்கு இரண்டு வாழ்த்தைக் கருக்கொண்டது!

அண்மையிலே ஒரு திண்ணையிலே பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். தமிழக வாழ்த்தை மெட்டுப் பிசகாமல் பாடினார்கள். மகிழ்ச்சி, அதுவும் நம் பாட்டுத்தான். "நம் புதுவைப் பாட்டைப் பாடுங்கள்" என்றேன். முதல் அடியோடு நின்றுவிட்டார்கள். "எங்கே கேட்டீர்கள் அந்தப் பாட்டை?" என்றேன். "டிவியிலே" என்றார்கள். வீட்டுக்குள் வரும் தொலைக்காட்சிகளோ சென்னையிலிருந்து பேசுவன. சென்னைக்கு உரியதைப் பாடுவன. குற்றம் பிள்ளைகளுடையதா? பாவேந்தரின் பாட்டை ஒரு விழாவிலே யாரேனும் ஓர் அடி விட்டுப் பாடினால், விட்டார்கள் என்று கண்டுபிடிக்க நம் ஊரிலே எத்தனை பேர்? அறியாதவன் வீட்டிலே களவு போனால் களவு போனதும் அறியான்!

ஆகவே தோழர்களே, ஒரு வேலை தருகிறேன். தமிழக அரசு 2021 டிசம்பரிலே தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடல் ஆக்கியபோது, 55 நொடியிலே பாடவேண்டும் என்றதோடு, இசைத்தட்டைச் சுழலவிடுவதைத் தவிர்த்து வாய்விட்டுப் பாடவேண்டும் என்றும் சொன்னது. நல்ல வழி. நாமும் வாயால் பாடுவோம். கிளைதோறும் பாவேந்தர் பாட்டை முழுதுமாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கையிலே உள்ள கைப்பேசியிலேயே படம் எடுங்கள். வில்லியனூரிலே சுடுமண் பொம்மை வனையும் கைகளைக் காட்டுங்கள். ஊசுட்டேரிக் கரையைக் காட்டுங்கள். பாகூர் ஏரிப் பாசனத்திலே நடவு நடும் தாய் நிமிர்ந்து பாடுவதைக் காட்டுங்கள். கீழூர் நினைவிடத்திலே பாட்டை முடியுங்கள். நட்சத்திரம் வேண்டாம், நம் முகம் போதும்.

அந்தப் படத்திலே ஒளி மங்கலாம், பொறுப்போம். குரல் நடுங்கலாம், பொறுப்போம். காற்று குறுக்கிடலாம்; பொறுப்போம். ஆனால் ஒரு சொல், ஒரே ஒரு சொல் விடுபட்டால் மீண்டும் முதலிலிருந்து பாடுங்கள். அந்த மூதாட்டி முன்வரிசையிலே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிப் பாடுங்கள்!