பாத்திரம் மூழ்கிய பொய்கை



குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏறி இங்கே வருகிறவர் கையைப் பாருங்கள்; ஒரு போத்தல் தண்ணீர் இருக்கும். நல்ல தண்ணிக்கு ஏங்கும் இந்த நயினாதீவைத்தான் மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் என்று கொண்டாடுகிறோம்.

அந்தக் காப்பியத்தில், மதுரையில் அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தால் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது. அவனிடம் கையேந்த ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. கையில் பாத்திரம் இருக்கிறது, சோறும் இருக்கிறது, உண்ண ஒரு வாய் இல்லை! தான் மட்டும் உண்டு உயிர்வாழ அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படு என்று சொல்லிக் அங்கிருந்த கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டான். உண்ணாமலே உயிர் துறந்தான். பின்னொரு வைகாசி விசாகத்தில் அது காப்பியத் தலைவி மணிமேகலையின் கைக்கு வந்தது. நம் அம்பாள் கோயில் அன்னதானத்துக்கு இன்றும் அமுதசுரபி என்றுதான் பெயர்.

சபையோரே, அள்ளிப் பகிரும் பாத்திரத்தின் இந்தக் கதை நம் கிணற்றுக்குள்ளும் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதக்கிறது. அந்த நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி வரை ஏறும் என்பது நிலநீர்க் கணக்கு. என் அம்மம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் பனையோலைப் பட்டையைச் சுவரில் இடிக்காமல், ஊற்று கலங்காமல், மெல்ல இறக்குவா. அடுத்த வீட்டுக் குடம் நிறையும்வரை தன் இரண்டாவது குடத்தை நீட்டமாட்டா. கிணற்றடியில் செருப்புக் கூடாது. அங்கே அம்மன் இருக்கிறா என்பா.

அயர்லாந்துக் கிராமங்களிலும் புனிதக் கிணறுகள் உண்டு. வலமாகச் சுற்றி வந்து, பக்கத்து மரத்தில் துணி முடிந்து நேர்ந்துகொள்வார்கள். அதில் அழுக்குத்துணி தோய்த்தால் கிணறு கோபித்து வேறிடம் போய்விடும் என்பது அவர்கள் கதை. நம்முடைய கிணறு இடம் மாறாது, உவராகிவிடும். மெசின் பூட்டி விடிய விடிய இறைத்த கிணறுகளில் அந்த உவரை நான் வாய்வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வருகிற வைகாசிப் பௌர்ணமிக்கு முன் அவரவர் ஒழுங்கைக் கிணற்றைக் கூடி இறைத்துத் துப்புரவாக்குவோம். தாய்மாரே, அன்று அந்தக் கிணற்றின் கதையைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நான் கொப்பியோடு வருகிறேன்.