இரண்டு வயதுக்குப் பிறகு

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவைக் கையில் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே,

குடும்பநல உத்தியோகத்தராக இந்த நானாட்டான் பகுதியில் வீடு வீடாக நடந்தவள் நான். இங்கே இருக்கும் சிலருடைய நிறையைக் கைக்குழந்தையாக இருந்தபோது நானே குறித்திருக்கவும் கூடும். அந்த உரிமையோடு பேசுகிறேன்.

நம் நாட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் அவள் படலைக்கு ஓர் உத்தியோகத்தர் போவார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதில் இருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு அது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. கிளினிக், பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வருகை, தடுப்பூசி, 1973 முதல் திரிபோஷா சத்துமா, எல்லாமே இலவசம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடிய தாய்மாரும் பிள்ளையின் கிளினிக் கார்ட்டை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவு நம்பிக்கை அதில்.

ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்ததும் பிடி தளர்கிறது. அதுவரை மாதாமாதம் நிறுத்த பிள்ளையை அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்தால் போதும். அதே வயதில் இன்னொன்றும் நடக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் விதி வந்தது. 2022இல், நாடு டொலருக்குத் தவித்த நேரத்தில், அந்த வயதெல்லையை இரண்டாக இறக்கினார்கள். கடன்பட்ட தாயைப் போகவேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அவள் அனுப்பும் காசில்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கிளினிக்கும் தள்ளிப்போய், தாயும் விமானம் ஏறி, அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதில் ஒரு பிள்ளை வருகிறது. வருவது உங்கள் முன்பள்ளிக்கு.

அந்த அம்மம்மாவை நாளாந்தம் காணும் ஒரே உத்தியோகத்தர் இனி நீங்கள்தான். அவவோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கிளினிக் வரிசையில் நான் கண்டது இது. தராசில் கொளுவிய காற்சட்டைக்குள் பிள்ளை தொங்கி வீறிட்டு அழுகிறது. கார்ட்டில் நிறைக்கோடு கீழே சரிந்திருக்கிறது. "என்ன, பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று ஒரு சத்தம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அந்தத் தாய் வரவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த திரிபோஷாவை மூன்று பிள்ளைகளுக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற இரண்டையும் விலக்கி வைத்து ஒன்றுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயால் முடியும்? அவளுக்குத் தேவைப்பட்டது புத்திமதி அல்ல, இன்னும் இரண்டு பைகள்.

பெற்றோரைத் திருத்தவேண்டும் என்ற எண்ணத்தோடு நடத்தும் எந்தக் கூட்டமும் உருப்படாது என்பது என் முடிந்த முடிவு. என்ன தடை என்று முதலில் கேளுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் இந்த ஊரில், அறுவடைக் காலத்தில் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, அக்கறையில்லாத சனம் என்று குறை சொல்வது நியாயமில்லை. தகப்பன்மாரையும் கூப்பிடுங்கள். அரச உத்தியோகத்தில் உள்ள தகப்பனுக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் லீவு. சிலாவத்துறையில் கடலுக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை. இரவு முழுக்கக் கடலில் நின்றவர் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், இரண்டு நிமிடம் மறித்து, "தம்பி நேற்று ஒரு பாட்டு முழுசாப் பாடினவர்" என்று சொல்லுங்கள். அடுத்த நாளும் அவரே கூட்டிவருவார்.

உங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு இந்த வேலைக்குப் போதாது. அதை உயர்த்தக் கேட்டு நீங்கள் எழுதும் மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கார்ட்டையும் ஒருதடவை கேட்டுப் பாருங்கள். கோடு சரிந்திருந்தால் அம்மம்மாவிடம் எதுவும் சொல்லுமுன் அந்த உத்தியோகத்தருக்கு அழைத்துச் சொல்லுங்கள். தாய் குவைத்திலோ சவூதியிலோ இருந்தால் அங்கே எப்போது ஓய்வு நேரம் என்று கேட்டு, பிள்ளை கீறிய படத்தை வட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்புங்கள்.