பேஸ்மென்டில் கார் பேட்டரி சார்ஜ் செய்கிறீர்களா?

ஊருக்குப் போய்த் திரும்பினால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. உடனே பேஸ்மென்டில் சார்ஜரை மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறோம். இதில் கொஞ்சம் கவனம் தேவை.

லெட்-ஆசிட் பேட்டரி நிறைந்த பிறகும் கரன்ட் ஏறிக்கொண்டே இருந்தால், உள்ளிருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே சிறு பொறியில் தீப்பிடிக்கும். காற்றைவிட லேசானது என்பதால் கூரையடியில் தேங்கும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், பானெட் திறந்திருக்கட்டும், கார் கவர் வேண்டாம்.

பேட்டரி நிறைந்ததும் சுமார் 13.5 வோல்ட்டுக்குத் தானே இறங்கும் ஆட்டோமேட்டிக் சார்ஜரையே பயன்படுத்துங்கள். பழைய வகை சார்ஜரை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். கிளிப்புகளை மாட்டிய பிறகு ஸ்விட்ச் போடுங்கள்; ஸ்விட்சை அணைத்த பிறகு கழற்றுங்கள். முறை மாறினால் பேட்டரி பக்கத்திலேயே பொறி பறக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ, பேட்டரி உப்பினாலோ, கொதித்தாலோ கிளிப்பைத் தொடாதீர்கள். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டு விலகுங்கள், செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

சார்ஜ் போடும்போது கண்ணாடியில் உங்கள் ஃபிளாட் எண்ணை எழுதி வையுங்கள். பேஸ்மென்டுக்கு மேலே தூங்குவது நம் எல்லோருடைய பிள்ளைகளும்தான்.