புரதத்தில் ஒரு முடிச்சு

பிறந்து சில நாட்களேயான சுண்டெலிக் குட்டிகளின் கண்கள், இயல்பாகத் திறக்கவேண்டிய நாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே திறந்துகொண்டன. வளர்ந்த சுண்டெலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறே அவற்றின் உடலில் ஏற்றப்பட்டிருந்தது. நரம்புகளை வளர்க்கும் பொருளொன்றை ஆராய்ந்துவந்த அமெரிக்க அறிஞர் ஸ்ரான்லி கோயென், பிறர் ஒதுக்கியிருக்கக்கூடிய இச்சிறு புதுமையை ஒதுக்கினாரல்லர். அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962 இல் அறிவித்தார். மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர்.

அப்புரதம் மிகச் சிறியது. அதில் 53 அமினோவமிலங்களே உள்ளன. அவற்றுள் ஆறு, கந்தகம் பொருந்திய சிஸ்ரீன்கள். முதலாவது மூன்றாவதனோடும், இரண்டாவது நான்காவதனோடும், ஐந்தாவது ஆறாவதனோடும் பிணைய, அவ்விழை இறுகிய முடிச்சாகிறது. இத்தகைய கந்தகப் பிணைப்புகள் கலத்தின் உட்பாயத்தில் நிலைப்பது அரிது. கலத்துக்குப் புறத்தேயோ உறுதியாக நிற்கும். ஆதலின் புறத்தே தொழிலாற்றும் புரதங்களிலேயே இம்முடிச்சு பெரிதும் காணப்படுகின்றது.

வேறு புரதங்களின் அமைப்பு வெளிப்பட்டபோதுதான் அதன் பரப்புத் தெரியவந்தது. பொற்கொல்லர் ஒரே அச்சிற் செய்த கண்ணிகளை வெவ்வேறு அணிகளில் இணைப்பதுபோல, இயற்கையும் இம்முடிச்சைப் பலவிடத்தும் கையாண்டிருக்கிறது. குருதி உறைதற்கு வேண்டிய ஒன்பதாம் காரணியில் இரண்டு முடிச்சுகள் உள. அக்காரணி பழுதுற்றால் வரும் குருதிப்பெருக்கு நோய்க்குக் கிறிஸ்மஸ் நோய் என்று பெயர். பண்டிகைக்கும் அதற்கும் தொடர்புண்டென நேயர்கள் எண்ணிவிடலாகாது. 1952 இல் விவரிக்கப்பட்ட சிறுவனின் குடும்பப்பெயர் அது. பழ ஈயின் நொச் என்னும் புரதத்தில் 36 முடிச்சுகள் வரிசையாய் நிற்கின்றன.

எனினும், இம்முடிச்சின் அருமையை நன்குணர்த்துவது பிப்ரிலின் என்னும் புரதமே. அதில் 47 முடிச்சுகள் உள. அவற்றுள் 43 கல்சியத்தைப் பற்றி நின்று இழைக்கு விறைப்பைத் தருவன. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவர் ஒவ்வொரு துடிப்பையும் தாங்குவதற்கு இவ்விழைகள் வேண்டும். பரம்பரையலகில் ஓரெழுத்து மாறி, ஒரு சிஸ்ரீனின் இடத்தில் வேறோர் அமிலம் அமைந்தாலும் போதும். ஒரு பிணைப்பு அற்று, மாபான் நோய் தோன்றலாம். பிரெஞ்சு வைத்தியர் மாபான் 1896 இல் நீண்ட விரல்களையுடைய ஐந்து வயதுச் சிறுமியொருத்தியை விவரித்தார். அவர் பெயரே நோய்க்கும் வழங்கலாயிற்று. பிப்ரிலினின் பரம்பரையலகிலேயே குறை உள்ளதென்று 1991 இல் புலனாயிற்று. கை கால்கள் நீளும், கண்வில்லை இடம்பெயரும், பெருநாடி மெல்ல மெல்ல விரியும். பெற்றோருள் ஒருவருக்கு இந்நோயிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு.

அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை புளோ ஹைமன் ஆறடி ஐந்தங்குல உயரமுடையவர். 1984 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியினர். அவ்வுயரத்தைக் கண்டு உலகம் வியந்ததேயன்றி, அதனுள் ஒளிந்திருந்த நோயை எவரும் அறிந்திலர். 1986 சனவரியில் யப்பானில் நடந்த ஆட்டமொன்றில், களத்தை விட்டு வந்து ஓரத்தில் அமர்ந்திருந்தவர் சரிந்து வீழ்ந்து இறந்தார். பெருநாடி கிழிந்திருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே கோயெனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஹைமனின் மரணத்துக்குப் பின்னர் அவருடைய சகோதரர் பரிசோதிக்கப்பட்டார். அவருக்கும் அதே நோய் இருந்தது. வைத்தியர்கள் உரிய வேளையில் அறுவைச் சிகிச்சை செய்தனர்.